கட்டு வேண்டாம் என்பவர் வீட்டில்: இங்கிலாந்துச் சட்டமொன்றின் முதற்பிரிவுக்கு உரை

இங்கிலாந்தில் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் என்பவர் வீடு வீடாகப் போகிறவர். புண்ணுக்குக் கட்டு மாற்றுவார், இன்சுலின் போடுவார், சிறுநீர்க்குழாய் மாற்றுவார். 1859-இல் லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பதற்கென்று மேரி ராபின்சன் என்ற செவிலியரைச் சம்பளத்துக்கு அமர்த்தியதில் தொடங்கிய வேலை இது. ஆஸ்பத்திரி நர்ஸ் நோயாளியைப் பார்க்கிறார். இவரோ நோயாளியின் அடுப்பங்கரையையும் சேர்த்துப் பார்க்கிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு வீட்டைக் கற்பித்துக்கொள்வோம். எழுபது தாண்டிய ஆண், தனியாள். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். கூடத்தில் ஆளுயரத்துக்குப் பழைய பத்திரிகைக் கட்டுகள். நடுவே ஒருவர் ஒருக்களித்து நடக்கும் அளவுக்கு வழி. குளித்துப் பல மாதம் இருக்கும். புண்ணிலிருந்து வாடை வருகிறது. "இன்றைக்குக் கட்டு வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார், மரியாதையாகவே. போன வாரமும் இதையேதான் சொன்னார்.

பிடித்து வைத்துக் கட்டுப் போட்டால், சம்மதமின்றி ஒருவரின் உடலைத் தொட்ட பழி வரும். அது குற்ற வழக்காகவும் நஷ்ட ஈட்டு வழக்காகவும் ஆகலாம். திரும்பி வந்துவிட்டால், புண்ணில் சீழ் பிடித்து இரத்தத்தில் நஞ்சேறி அவர் இறந்தபின், ஏன் விட்டு வந்தீர்கள் என்று மரண விசாரணையில் கேட்பார்கள். இந்த இரு பயங்களுக்கு நடுவே நிற்கும் நர்ஸுக்குச் சட்டம் சொல்லும் வழி, மென்டல் கெப்பாசிட்டி ஆக்ட் எனப்படும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதற்பிரிவில் இருக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டம். 2007-இல் நடைமுறைக்கு வந்தது. முதற்பிரிவில் ஐந்தே விதிகள், எல்லாம் சேர்ந்து அரைப் பக்கம் வராது. ஒவ்வொன்றின் கருத்தையும் என் தமிழில் தந்து உரை சொல்கிறேன்.

அதற்கு முன் பழைய சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். 1948-ஆம் ஆண்டு நேஷனல் அசிஸ்டன்ஸ் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, தீராத நோயாலோ முதுமையாலோ தளர்ந்து, சுகாதாரமற்ற இடத்தில் கவனிப்பாரற்று வாழ்பவரை மாஜிஸ்திரேட்டின் உத்தரவோடு வீட்டிலிருந்து அப்புறப்படுத்தி, மூன்று மாதம்வரை ஆஸ்பத்திரியிலோ விடுதியிலோ வைக்க இடம் தந்தது. அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தாலும் அது தடையில்லை. 1951-இல் வந்த திருத்தம், அவசரம் என்றால் முன்னறிவிப்பு இல்லாமலே மூன்று வாரம் வைக்கலாம் என்றது. நம் பெரியவரின் வீடு அந்தக் காலத்தில் இருந்திருந்தால், நர்ஸ் அதிகாரிக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரியவர் போயிருப்பார். இங்கிலாந்தில் இந்த அதிகாரத்தை 2014-ஆம் ஆண்டுக் கேர் ஆக்ட் ஒழித்தது. 2015 ஏப்ரல் முதல் அது இல்லை. ஒழித்தது சரியே. ஆனால் அது இருந்த இடம் இன்னும் முழுதாக நிரப்பப்படவில்லை என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

முதல் விதி: ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிறுவப்படும்வரை, இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

உரை. நிறுவும் சுமை பெரியவர் மேல் இல்லை. 'அவருக்குத் திறன் இல்லை' என்று சொல்பவர் மேல். தான் தெளிவானவர் என்று அவர் நர்ஸிடம் சான்று காட்ட வேண்டியதில்லை. அழுக்குச் சட்டையும் வளர்ந்த தாடியும் பத்திரிகைக் குவியலும் சான்றாகா. இரண்டாம் பிரிவு இதைத் தனியாகவே எடுத்துச் சொல்கிறது: வயதை வைத்தோ தோற்றத்தை வைத்தோ, பிறர் தவறாக அனுமானிக்க இடம்தரும் நடத்தையை வைத்தோ மட்டும் திறனின்மையை முடிவு கட்டக் கூடாது.

இந்த விதியைத்தான் மிக அதிகமாகப் பிழைபடப் படிக்கிறார்கள். 'இருப்பதாகக் கொள்' என்பதைக் 'கேட்காதே' என்று படித்துவிடுகிறார்கள். பிரபுக்கள் சபையின் குழு ஒன்று 2014-இல் இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்தது. திறன் உண்டு என்ற அனுமானம் பரவலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது, சில இடங்களில் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் மோசமான கவனிப்புக்கும் சாக்காகிறது என்று அது கண்டது. 'திறன் உள்ளவர். மறுத்தார்.' என்ற குறிப்பு இந்தச் சாக்கின் நல்ல உதாரணம். யார் சோதித்தார்கள், எந்த முடிவைப் பற்றி, என்ன கேட்டார்கள் என்று அதில் ஒன்றுமில்லை. தம்மைக் கவனித்துக்கொள்ளாமல் இறந்தவர்களைப் பற்றிப் பின்னால் நடக்கும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப எழும் குறை இதுதான்.

அனுமானம் என்பது சந்தேகம் வரும்வரை நிற்பது. பெரியவர் ஊசி போட்டதையே மறந்து இரண்டாம் ஊசி போட்டிருக்கிறார், காலையிலேயே மது வாடை வருகிறது, பேச்சு நடுவே அறுகிறது, கிருமித்தொற்றால் காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்திருக்கின்றன: இவற்றில் எதைக் கண்டாலும் சோதிக்கும் கடமை நர்ஸுக்கு வந்துவிடுகிறது. அதற்கு மனநல மருத்துவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டுப் போடுவதைப் பற்றிய முடிவு என்றால், கட்டுப் போட வந்தவரே சோதிக்க வேண்டியவர்.

இரண்டாம் விதி: முடிவெடுக்க உதவும் நடைமுறைசார்ந்த வழிகள் எல்லாவற்றையும் முயன்றும் பலிக்காத வரை, ஒருவரை முடிவெடுக்க இயலாதவராகக் கருதக் கூடாது.

உரை. இந்த விதி சின்ன விஷயங்களில் வாழ்கிறது. காதுக் கருவியில் பேட்டரி இருக்கிறதா? மாலையில் குழம்புகிறவர் காலையில் தெளிவாக இருப்பாரோ? ஒவ்வொரு வாரமும் வேறு முகம் வந்தால் அவர் யாரை நம்புவார்? புண் குதிகாலில் இருந்தால் அவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். படம் எடுத்துக் காட்டினால் பேச்சே மாறிப்போகும்.

மொழியும் இதில் சேரும். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இலங்கைத் தமிழ் முதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நினைவு தளரும்போது பின்னால் கற்ற ஆங்கிலம் முன்னால் போய்விடும், தமிழ் நிற்கும். அங்கே 'புரியவில்லை' என்பதைத் திறனின்மை என்று எழுதுவது பெரும்பிழை. மகனை மொழிபெயர்க்கச் சொல்வதும் போதாது. அப்பா என்ன சொல்ல வேண்டும் என்று மகன் விரும்புகிறாரோ அதுதான் வரும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை வரவழைக்க வேண்டும்.

மறுப்பும் தகவலறிந்த மறுப்பாக இருக்க வேண்டும். மான்ட்கோமரி வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது சிகிச்சையை ஏற்பவருக்கு மட்டுமன்று, மறுப்பவருக்கும் பயன்படுவது: அந்த நிலையில் உள்ளவர் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்துகளை அவருக்குச் சொல்லியாக வேண்டும். 'புண் மோசமாகும்' என்று சொல்வது போதாது. 'காலை எடுக்க நேரலாம், உயிரும் போகலாம்' என்பதை அவருக்குப் புரியும் சொற்களில் சொன்னபின் வரும் 'வேண்டாம்' தான் மறுப்பு.

இங்கே மூன்றாம் பிரிவை இழுத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் சோதனை எதைப் பற்றியது என்று விளங்காது. முடிவுக்குத் தேவையான செய்தியைப் புரிந்துகொள்ளுதல், முடிவெடுக்கும் அளவுக்கேனும் நினைவில் வைத்திருத்தல், அதைப் பயன்படுத்திச் சீர்தூக்குதல், முடிவை எப்படியாவது தெரிவித்தல் என்று நான்கு. இவற்றில் ஒன்று இயலாமற் போனாலும், அந்த இயலாமை மனத்திலோ மூளையிலோ உள்ள கோளாற்றால் வந்திருந்தால்தான், திறனின்மை. கோளாறு எதுவும் இல்லாமல் வெறும் பிடிவாதம், துக்கம், அந்நியர் வீட்டைப் பார்க்கிறார்களே என்ற வெட்கம் என்றால் இந்தச் சட்டம் தலையிடாது. சோதனையும் ஒரு முடிவைப் பற்றியது, ஒரு நேரத்தைப் பற்றியது. வங்கிக் கணக்கைச் சரியாகப் பார்க்கிறவருக்குக் காற்புண்ணைச் சீர்தூக்கும் திறன் இல்லாமல் இருக்கலாம், மறுதலையாகவும் இருக்கலாம்.

தம்மைக் கவனிக்காதவர்களில் மிகவும் ஏமாற்றுவது மூன்றாவது, சீர்தூக்குதல். மூளையின் முன்பகுதி பழுதுபட்டவர்களில் சிலர் மிக நன்றாகப் பேசுவார்கள். 'கட்டு நனையாமல் பார்த்துக்கொள்வேன், நாளைக்கே கடைக்குப் போய்ச் சாப்பாடு வாங்குவேன், மாத்திரை இரவில் போடுவேன்' என்று கேள்வி கேட்பவர் திருப்திப்படும்படி சொல்வார்கள். செய்ய வேண்டிய வேளையில் எதுவும் நடக்காது; பொய் சொல்லவுமில்லை. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-இன் பணிகளுக்கு நெறிமுறை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகையோர் விஷயத்தில் நேர்காணலை மட்டும் நம்பாமல் அன்றாட வாழ்வில் அவர் எப்படி நடக்கிறார் என்பதையும் கண்டறியச் சொல்கிறது. இந்த இடத்தில் வீட்டுக்குப் போகும் நர்ஸுக்கு இணையான சாட்சி யாருமில்லை. மருத்துவர் தம் அறையில் கேட்கிறார். நர்ஸ் ஃப்ரிட்ஜைப் பார்க்கிறார். மாத்திரைப் பெட்டியில் திங்கள் முதல் ஞாயிறுவரை அப்படியே இருப்பதைப் பார்க்கிறார். 'செய்வேன் என்றார், மூன்று வருகையிலும் செய்யவில்லை' என்று தேதியோடு எழுதிய குறிப்பு நீதிமன்றத்தில் நிற்கும்.

மூன்றாம் விதி: புத்திசாலித்தனம் இல்லாத முடிவை எடுத்தார் என்பதற்காக மட்டும் ஒருவரை முடிவெடுக்க இயலாதவராகக் கருதக் கூடாது.

உரை. சட்டம் பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 1993-இல் வந்த வழக்கு. வழக்குத் தொடுத்தவரின் பெயரை மறைத்து 'சி' என்றே குறிப்பிடுகிறார்கள். 68 வயது. பிராட்மூர் என்ற உயர்பாதுகாப்பு மனநல மருத்துவமனையில் இருந்தவர். ஸ்கிசோஃப்ரினியா நோயாளி, தான் ஒரு பெரிய டாக்டர் என்று நம்பியவர். பாதம் அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் பிழைக்க 15 சதவீத வாய்ப்புத்தான் என்றார் அறுவை மருத்துவர். அவர் ஒப்பவில்லை. மற்ற மருத்துவத்தை ஏற்றுக்கொண்டார், உடனடி ஆபத்து நீங்கியது. பின்னாளில் தன் எழுத்துச் சம்மதம் இல்லாமல் காலை எடுக்கக் கூடாது என்று நீதிமன்றத்தை நாடினார். நீதிபதி தார்ப் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மனநோய் இருப்பது வேறு, இந்த முடிவை எடுக்கும் திறன் இல்லாமற்போவது வேறு. கால் போனால் என்ன ஆகும், இருந்தால் என்ன ஆகும் என்று அவர் அறிந்திருந்தார், நம்பினார், எடைபோட்டார். அது போதும்.

பிராட்மூரில் இருந்தவருக்கே அந்த உரிமை உண்டென்றால், நம் பெரியவருக்கு இல்லாமற்போகுமா? இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவும் இதே திசையில் செல்கிறது: மனநலச் சிகிச்சை பற்றி ஒருவர் எடுக்கும் முடிவு பிறருக்குத் தவறாகப் படுவதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று ஆகாது. ஆனால் அது மனநலச் சிகிச்சைக்கு மட்டும், காற்புண்ணுக்கு இல்லை.

விதியில் 'மட்டும்' இருப்பதைக் கவனிக்காமல் போகிறவர்கள் உண்டு. ஒரு மோசமான முடிவு தனியே சான்றாகாது. சந்தேகத்தைத் தூண்டும் குறியாகலாம். சட்டத்தோடு வரும் நடைமுறைக் கையேடு இதை ஒப்புக்கொள்கிறது: தமக்குப் பெருந்தீங்கு தரும் முடிவைத் திரும்பத் திரும்ப எடுப்பவர், அல்லது தம் இயல்புக்கு மாறாக நடக்கத் தொடங்கியவர் என்றால் மேலும் விசாரிக்க வேண்டிவரலாம். நாற்பது ஆண்டு சலவை மடிப்புக் கலையாமல் உடுத்தியவர், மனைவி இறந்த ஆறு மாதத்தில் இப்படி ஆகியிருந்தால், அது அவருடைய வாழ்க்கை முறை என்று கடந்துபோக முடியாது.

திறன் இருக்கிறது, அறிந்தே மறுக்கிறார் என்று முடிவான பிறகும் நர்ஸின் கடமை தீரவில்லை. இந்த இடத்தில் எனக்குக் கோபமே வருகிறது. சில குழுக்களில் இரண்டு மூன்று முறை மறுத்தவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்; 'ஒத்துழைக்கவில்லை' என்று காரணம் இருக்கும். பெரியவர் மறுத்தது இன்றைய கட்டை. நர்ஸ் வருவதையே அவர் மறுக்கவில்லை. வலிக்கிறது என்பதால் மறுத்தாரானால், கட்டு மாற்றுவதற்கு முன் வலி மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். வீட்டைப் பார்த்து முகம் சுளித்த ஒருவரால் மறுத்தாரானால், வேறொருவரை அனுப்பலாம். செவிலியர்களை ஒழுங்குபடுத்தும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் நெறிமுறை, நோயாளியின் நலனுக்காக நடப்பதையும் அவர் மறுக்கும் உரிமையை மதிப்பதையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கச் சொல்கிறது. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

நான்காம் விதி: திறனில்லாதவருக்காகச் செய்வதும் முடிவெடுப்பதும் அவருடைய நலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும்.

உரை. நலன் என்றால் நர்ஸுக்கு எது நல்லதாகப் படுகிறதோ அதுவன்று. நான்காம் பிரிவு சொல்வது: அவருடைய பழைய, இன்றைய விருப்பங்கள், உணர்வுகள், நம்பிக்கைகள், வாழ்ந்த முறை, அவரைக் கவனிப்பவர்களின் கருத்து. திறன் போனதால் விருப்பமும் செல்லாக்காசு ஆகிவிடுவதில்லை.

2015-இல் வை வேலி என்.எச்.எஸ். அறக்கட்டளை கொண்டுவந்த வழக்கு இதற்கு நல்ல பாடம். 73 வயதுக்காரர், நீண்டகால மனநோயாளி, சர்க்கரை நோய், காலில் கடுந்தொற்று. காலை எடுக்க அனுமதி கேட்டது மருத்துவமனை. அவருக்குத் திறன் இல்லை என்பதை நீதிபதி பீட்டர் ஜாக்சன் ஏற்றார். ஆஸ்பத்திரிக்கே போய் அவரைப் பார்த்துப் பேசினார். பிறகு அனுமதி மறுத்தார். கடுஞ்சுதந்திரத்தோடு வாழ்ந்தவரின் கடைசி நாட்களில், அவர் உறுதியாக மறுக்கும் ஒன்றைத் திணிப்பது அவர் நலனாகாது என்பது தீர்ப்பின் சாரம். 'சி' வழக்கில் திறன் இருந்ததால் கால் தப்பியது. இங்கே திறன் இல்லாமலும் தப்பியது.

நலனுக்கு உகந்தது என்று நியாயமாக நம்பிச் செய்யும் நர்ஸுக்கு ஐந்தாம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது: சம்மதம் இல்லாமல் தொட்டார் என்ற பழி வராது. கவனக்குறைவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பலப்பிரயோகம் என்றால் ஆறாம் பிரிவு குறுக்கே வரும். தீங்கைத் தடுக்கத் தேவையாகவும், தீங்கின் அளவுக்கு ஏற்றதாகவும் இருந்தால்தான். வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவது போன்ற பெரிய முடிவுகளில், கருத்து வேறுபாடு இருந்தால், திறனில்லாதவர்களின் விஷயங்களை முடிவு செய்யும் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷனுக்குப் போக வேண்டும். ஒரு நர்ஸ் கூடத்தில் நின்றுகொண்டு தனியாக எடுக்கும் முடிவல்ல அது.

ஐந்தாம் விதி: செய்வதற்கு முன், அதே பயனை உரிமையையும் சுதந்திரத்தையும் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழியில் அடைய முடியுமா என்று பார்க்க வேண்டும்.

உரை. வீட்டை லாரி வைத்துக் காலி செய்வதற்கு முன், கட்டிலிலிருந்து வாசல்வரை தடையில்லாத ஒரு வழி போதுமா என்று பாருங்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டுப் புகை எச்சரிக்கைக் கருவி மாட்டச் சொல்லுங்கள். இதற்கு மேல் இந்த விதிக்கு நீண்ட உரை வேண்டாம்.

இனி, முதற்பிரிவு பேசாத ஒன்று: கதவு. நர்ஸ் அழைக்கப்பட்டு உள்ளே வருகிறவர். 'வெளியே போ' என்று பெரியவர் சொன்னால் போக வேண்டும், நின்றால் அத்துமீறல். கதவே திறக்காவிட்டால்? 1984-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, உயிரையோ உடலையோ காக்க வேண்டி போலீஸ் உடைத்து நுழையலாம். ஆனால் 'நலமாக இருக்கிறாரோ என்று கவலை' என்பது அதற்குப் போதாது என்று 2010-இல் சையத் வழக்கில் நீதிமன்றம் சொன்னது; ஆகவே போலீஸைக் கூப்பிடும் நர்ஸ் 'மூன்று நாளாக இன்சுலின் இல்லை, உள்ளே முனகல் கேட்கிறது' என்பது போல் உண்மைகளைச் சொல்ல வேண்டும். மனக்கோளாறு உள்ளவர் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்து, தனியே வாழ்ந்து, தம்மைக் கவனித்துக்கொள்ள இயலாதிருந்தால் 1983-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் வாரண்ட் கேட்கலாம். கேட்பவர் அங்கீகாரம் பெற்ற மனநல அலுவலர், நர்ஸ் அல்லர்.

இவை இரண்டிலும் அடங்காதவர் கதவைச் சாத்திக்கொண்டால், ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சிக் கவுன்சிலின் அலுவலர் உள்ளே போய் அவரிடம் பேசச் சட்டத்தில் வழி இருக்கிறது: முன்னதில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், பின்னதில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்து 2012-இல் இதுபற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டது. மிச்சமிருப்பது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் ஒன்றே. அதற்குச் செலவும் காலமும் ஆகும். பழைய 47-ஆம் பிரிவு திரும்பி வர வேண்டியதில்லை. ஆனால் ஒருவரை எடுத்துச் செல்லும் அதிகாரத்துக்கும், ஒருவரோடு பேசிப் பார்க்கும் அதிகாரத்துக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதை இங்கிலாந்து மறுத்தது தவறு என்பதே என் கருத்து.

இப்போதுள்ள சட்டத்திலும் நர்ஸ் தனியாள் இல்லை. கவனிப்புத் தேவைப்படும் ஒருவர், அந்தத் தேவை காரணமாகவே தம்மைக் காத்துக்கொள்ள இயலாமல் புறக்கணிப்புக்கு உள்ளாகிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், உள்ளாட்சிக் கவுன்சில் விசாரிக்க வேண்டும் என்கிறது கேர் ஆக்டின் 42-ஆம் பிரிவு. அரசின் வழிகாட்டுக் குறிப்பு, தம்மைத் தாமே புறக்கணிப்பதையும் பொருள் குவிப்பதையும் இதில் சேர்க்கிறது. எல்லா இடத்திலும் விசாரணை வந்தே தீரும் என்று மட்டும் சொல்லவில்லை. பெரியவர் 'என்னை மதிப்பீடு செய்ய வேண்டாம்' என்று கவுன்சிலிடம் சொன்னாலும், புறக்கணிப்பு ஆபத்து இருந்தால் மதிப்பீடு செய்தே ஆக வேண்டும் என்கிறது 11-ஆம் பிரிவு. நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் கடமை இதற்குத் தடையாகாது. சொல்லப் போகிறேன் என்பதை முடிந்தவரை அவரிடமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போய் இந்த வேலையில் புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூத்த நர்ஸ் சொல்லட்டும், மேலதிகாரி சொல்லட்டும் என்று காத்திருக்கும் பழக்கத்தை நம் ஆஸ்பத்திரி வார்டிலேயே விட்டுவிடுங்கள். என்ன கேட்டீர்கள், அவர் சொற்களிலேயே என்ன பதில் வந்தது, என்ன ஆபத்தைச் சொன்னீர்கள், எதைக் கண்ணால் கண்டீர்கள், அடுத்து எப்போது போவீர்கள் என்பதை அன்றைக்கே எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் அன்றைக்கே குடும்ப மருத்துவருக்கும் கவுன்சிலுக்கும் தெரிவியுங்கள். கவுன்சிலிடம் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.